மனை எண் நாற்பத்தொன்று

பதினோரு வருடமாகப்
பிறர் எலும்பைப் படம்பிடிப்பவள் நான்.
"மூச்சை இழுங்க, விடாதீங்க."
பிழைப்பில் நான் அதிகம் பேசிய வாக்கியம்.
திங்கள் காலையில் வருபவரைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன்
ஞாயிறு இரவு எது அவரைக் கீழே போட்டதென்று.
வேகத்தில் வளைந்தவருக்குக் காறையெலும்பு.
மணலில் பிரேக் பிடித்தவருக்கு மணிக்கட்டு.

அதனால்
வண்டி வாங்கப் போன அன்று
நிறம் எதையும் நான் பார்க்கவில்லை.

"இருநூறு சிசி மேடம், பிக்கப் பாருங்க"
என்றான் ஷோரூம் குணாளன்.
ஏறி உட்கார்ந்தேன்.
கால் கட்டைவிரல் மட்டும் தரையை விசாரித்தது.
மூலையில் தூசியோடு ஒரு நூறு சிசி.
அதில் இரண்டு பாதமும் முழுசாகப் படிந்தன;
சாய்த்துப் பார்த்தேன், நானே நிமிர்த்தினேன்.
"அது பால்காரங்க வண்டி மேடம்."
"பால் சிந்தாம போகுதில்ல?" என்றேன்.

ஸ்கூட்டர் போதாதா என்றாள் நாத்தனார்.
சேவூர்ச் சாலைப் பள்ளங்களை
அவள் பேருந்து ஜன்னலில் இருந்துதான் பார்த்திருக்கிறாள்.

வண்டியோடு வந்த இலவச ஹெல்மெட்டை
மாட்டித் தலையைத் திருப்பினேன்.
தலை திரும்பியது, அது திரும்பவில்லை.
திருப்பிக் கொடுத்துவிட்டு
கன்னம் பிதுங்குகிற ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினேன்.

ஊருக்கு வெளியே ஒரு மனைப்பிரிவு.
கோல்டன் அவென்யூ என்று பெயர்,
முப்பதடித் தார்ச்சாலைகள், மஞ்சள் எண்கற்கள்,
ஒரு வீடுகூட இல்லை.
விடிகாலையில் நானும் நாலு ஆடுகளும்.

கிளட்சை விடுவது
இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கும் எமர்சனை
எழுப்பாமல் கதவைத் திறப்பது போல.
முதல் நாள் பதினேழு முறை எழுப்பினேன்.

"முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிக்கும்"
தெருவில் எல்லோரும் சொன்னார்கள்.
முப்பது கிலோமீட்டர் வேகம்,
நாற்பத்தொன்றாம் கல்லில் பின் பிரேக் மட்டும்:
நாற்பத்தைந்தைத் தாண்டி நின்றேன்.
இரண்டையும் சேர்த்து, முன்பிரேக்கை
எலுமிச்சம்பழம் பிழிவது போல மெல்ல இறுக்கி:
நாற்பத்துமூன்று.
மறுநாளும் அதேதான்.
தெருவை விட்டுவிட்டுக் கற்களை நம்பினேன்.

கண் போகிற இடத்துக்கு வண்டி போகிறது.
ஆட்டையே பார்த்தேன், ஆட்டிடமே போனேன்.
ஆடு ஒதுங்கியது.
என்னைவிட அனுபவம் உள்ள ஆடு.

ஒரு நாள் சைடு ஸ்டாண்டை எடுக்க மறந்து
இடப்பக்கம் திரும்பினேன்.
விழுந்ததும் முதலில் தொட்டுப் பார்த்தது காறையெலும்பை.
அப்புறம் மணிக்கட்டு, விலா.
இண்டிகேட்டர் உடைந்தது கடைசியில்தான் தெரிந்தது.
முட்டிக்குக் கீழே உரசல்;
கையுறை மட்டும் கிழிந்திருந்தது,
உள்ளே கை என் கையாகவே இருந்தது.

நான்காம் வாரம் காட்பாடி மேம்பாலம்.
ஏற்றத்தில் நெரிசல்.
முன்னால் ஷேர் ஆட்டோ, பின்னால்
ராணிப்பேட்டைத் தோல் லாரி;
அதன் நாற்றம் என் கழுத்தில் கை வைத்தது.
ஹாரன். இன்னொரு ஹாரன்.
உன் அவசரம் உன் ஹாரனிலேயே இருக்கட்டும்,
என் வலக்கைக்கு வர வேண்டாம்.
பின் பிரேக்கை மிதித்தபடி
கிளட்சைப் பாதி விட்டேன்.
வண்டி லேசாக நடுங்கியது, அதுதான் இடம்.
காலை எடுத்தேன்.
உருண்டது. முன்னால்.

கீழே ரயில் எதுவோ கடந்தது. பார்க்கவில்லை.
லாரியை விட்டேன், பஸ்ஸை விட்டேன்,
மூன்று பேர் ஏறிய ஒரு பைக்கை விட்டேன்.
இறங்கி முடிந்து ஸ்கேன் சென்டர் வாசலில்
ஸ்டாண்ட் போடும்போதுதான்
வயிறு இறுகிக் கிடப்பது தெரிந்தது.

முதல் ஆள் ஏற்கெனவே காத்திருந்தான்.
இருபது வயது, விலாவைப் பிடித்தபடி.
என் கையில் ஹெல்மெட்டைப் பார்த்ததும்
"என்ன சிசி அக்கா?" என்றான்.
"நூறு."
சிரிக்கப் போனான், வலித்தது, நிறுத்திக்கொண்டான்.

ஈய ஏப்ரன் மாட்டும் ஆணியில்
ஹெல்மெட்டை மாட்டினேன்.
"மூச்சை இழுங்க. விடாதீங்க."
பொத்தானை அழுத்தினேன்.
"இப்ப விடலாம்" என்றேன்.
இருவரும் விட்டோம்.